மடிப்பு மேசையிலிருந்து எஸ்டிமேட் வரை

சிவகாசியில் ஆடிப்பெருக்கு நாளில் புதிய காலண்டர் ஆல்பங்கள் வெளிவரும். அன்று பிடிக்கும் வேகம் டிசம்பர் கடைசிவரை குறையாது. அந்த மாதங்களில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தாலே தொழிலின் அமைப்பு விளங்கிவிடும். நான்கு கலர் மெஷினின் ஃபீடர் பக்கமும் டெலிவரி பக்கமும் ஆண்கள் நிற்பார்கள். கட்டிங் மெஷினிலும் ஆண்தான். பின்கட்டில் நீண்ட மேசைகளைச் சுற்றிப் பெண்கள் மடிக்கிறார்கள், ஃபாரம் அடுக்குகிறார்கள், தினசரித் தாள்களைச் சேர்த்துப் பின் அடிக்கிறார்கள், மாதக் காலண்டருக்குத் தகரம் ஏற்றுகிறார்கள். கம்ப்யூட்டர் அறையில் ஒன்றிரண்டு பெண்கள் பக்கம் கட்டுகிறார்கள். வாசலோரம் வாடிக்கையாளரிடம் விலை பேசும் மேசையில் மறுபடியும் ஆண். சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் விதிவிலக்குகள் உண்டு. ஆனால் பொதுவான வரிசை இதுதான். இந்த வரிசைக்குள் பெண்ணின் உயர்வு எப்படி வரும் என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. அதே மேசையில் இன்னும் வேகமாகவும் இன்னும் பல வருடமும் உழைத்தால் உயர்வு தானாக வரும் என்ற நம்பிக்கை தவறு என்பது என் முடிவு. தாள், மை, மெஷின் நேரம் ஆகிய மூன்றையும் பற்றி முடிவெடுக்கிற இடத்துக்கு நகர்ந்தால்தான் உயர்வு வரும்.

காரணம் கூலி முறையிலேயே இருக்கிறது. மடிப்புக்கும் அடுக்குவதற்கும் பெரும்பாலும் எண்ணிக்கைக் கூலி. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. கையின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு; வேலை படிந்த சில வருடங்களில் எல்லாரும் அந்த எல்லையைத் தொட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு பதினைந்து வருட அனுபவக்காரிக்கும் மூன்று வருடக்காரிக்கும் வாரக் கூலியில் பெரிய வித்தியாசம் இருக்காது. மெஷின்மேனின் நிலை வேறு. அவர் பிளேட் ஏற்றி, ரிஜிஸ்டர் பிடித்து, மையின் அளவைச் சரிசெய்து முதல் நல்ல தாளை எடுப்பதற்குள் நூறு தாள் வீணாகுமா, நானூறு வீணாகுமா என்பது அவர் தேர்ச்சியைப் பொறுத்தது. முதலாளி அந்த வித்தியாசத்தை ரூபாயில் பார்க்கிறார். எஸ்டிமேட் போடுகிறவரின் ஒரு தவறு அந்த வேலையின் மொத்த லாபத்தையும் விழுங்கிவிடும். யாருடைய முடிவால் காசு மிஞ்சுகிறது அல்லது போகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறதோ, அவருக்குத்தான் சம்பளம் ஏறுகிறது. அடுக்கும் மேசையிலும் தவறு நடந்தால் நஷ்டம்தான். ஆனால் அங்கே சரியாக நடப்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

சம ஊதியச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 1976-லிருந்தே ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்பது சட்டம். 2019-இன் ஊதியச் சட்டத்தொகுப்பும் அதையே சொல்கிறது. அச்சகத்தில் அது அதிகம் உதவாததற்குக் காரணம், ஒரே வேலை இருவருக்கும் கொடுக்கப்படுவதே இல்லை என்பதுதான். ஆண் மெஷினில், பெண் மேசையில் என்று பிரித்தாகிவிட்டால், ஒப்பிட்டுக் கேட்க எதிரில் ஆள் இல்லை. ஆகவே கூலியைப் பற்றிய கேள்வி கடைசியில் வேலைப் பிரிவினையைப் பற்றிய கேள்வியாகவே வந்து நிற்கிறது.

தொழிலின் பாதி மட்டும் தெரிந்தவர்களுக்கு என்ன நேரும் என்பதற்கு எடின்பரோ நகரம் ஒரு கடுமையான சாட்சி. 1872-இல் அங்கே அச்சுக்கோர்க்கும் ஆண் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் குறைந்த கூலிக்குப் பெண்களைக் கொண்டுவந்தார்கள். அடுத்த நாற்பது வருடத்துக்குள் நூற்றுக்கணக்கான பெண்கள் அந்நகரத்தில் எழுத்துக் கோர்த்து வாழ்ந்தார்கள். பெரிய பெரிய நூல்கள் அவர்கள் கையால் உருவாயின. ஆனால் ஆண்களுக்குக் கிடைத்த முழுநீளப் பயிற்சி அவர்களுக்குத் தரப்படவில்லை. உரையை வரி வரியாகக் கோர்க்கும் வேலை மட்டும் பெண்களுடையது. பக்கங்களைப் படிவத்தில் வரிசைப்படுத்தி முடுக்கும் வேலை பெரும்பாலும் ஆண்களிடமே இருந்தது. 1910-இல் ஆண்களின் சங்கம் இனிப் பெண் பயிற்சியாளர்களைச் சேர்க்கக்கூடாது என்று வற்புறுத்தியபோது, முதலாளிகள் சில ஆண்டுகளுக்குப் புதிய பெண்களை எடுப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். இருந்த பெண்கள் வேலையில் நீடித்தாலும் அவர்களுக்குப் பின்னால் வரிசை அறுந்துபோனது. அவர்கள் வேலை தரக்குறைவு என்று இதற்குப் பொருள் இல்லை. தொழிலின் ஒரு துண்டை மட்டும் வைத்திருந்ததால் அவர்களை வெளியே நிறுத்துவது எளிதாக இருந்தது.

எந்த வேலை திறமை என்று மதிக்கப்படுகிறது என்பதும் நிலையானதாக இல்லை. சிந்தியா காக்பர்ன் என்ற சமூகவியலாளர் லண்டன் செய்தித்தாள் அச்சகங்களின் கம்போசிட்டர்களை ஆராய்ந்து 1983-இல் ஒரு நூல் வெளியிட்டார். லினோடைப்பின் 90 விசைகளில் பழகிய ஆண்கள், டைப்ரைட்டர் போன்ற சாதாரண விசைப்பலகைக்கு மாறவேண்டி வந்தபோது, தாங்கள் பெண்களின் வேலைக்கு இறக்கப்பட்டதாக வருந்தினார்கள் என்று அவர் காட்டினார். செய்வது அதே எழுத்துக்கோர்ப்புதான். கருவியும், அதில் வழக்கமாக உட்காருகிறவர் யார் என்பதும் மாறியதும் மதிப்பும் ஆட்டம் கண்டது. தமிழ்நாட்டில் கையால் கோர்த்த ஈய எழுத்து போய் டிடிபி வந்தபோது நாம் கண்டதும் இதைப் போன்றதே. ஏராளமான பெண்கள் கணினி முன் அமர்ந்தார்கள். தமிழ்த் தட்டச்சும் பக்க அமைப்பும் அவர்கள் கைக்கு வந்தன. அது உண்மையான வாசல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலைக்கும் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசப்பட்டது. அடுத்த அறையில் நடக்கும் பிளேட் போடுதலும் மெஷினும் விலையும் அவர்களிடமிருந்து விலகியே இருந்தன. கணினி தெரிந்தால் போதும், வழி திறந்துவிடும் என்று இன்றும் பலர் பெண்களுக்குச் சொல்கிறார்கள். முப்பது வருட டிடிபி அனுபவத்துக்குப் பிறகு அந்த அறிவுரையை அப்படியே ஏற்பதற்கில்லை.

சரி, மேசையிலிருந்து எங்கே நகர்வது? நான் முதலில் சொல்வது பக்க அடுக்கும் எஸ்டிமேட்டும். காரணம், ஃபாரம் அடுக்கும் பெண்ணுக்கு அதன் பாதி ஏற்கெனவே தெரியும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டெமி 1/8 அளவில் 160 பக்கப் புத்தகம், ஆயிரம் பிரதி, உள்பக்கம் கறுப்பு மட்டும். 18-க்கு 23 அங்குலத் தாளின் ஒரு பக்கத்தில் எட்டுப் பக்கம், மறுபுறம் எட்டுப் பக்கம். மூன்று முறை மடித்தால் 16 பக்க ஃபாரம் ஒன்று கிடைக்கும். 160 பக்கத்துக்குப் பத்து ஃபாரம். ஒவ்வொரு ஃபாரத்துக்கும் ஆயிரம் தாள். 18-க்கு 23 என்பது 23-க்கு 36 அங்குலத் தாளில் பாதி. ஒரு ரீமில் 500 முழுத்தாள், அதாவது ஆயிரம் அரைத்தாள். ஆகவே ஆயிரம் பிரதிக்கு ஃபாரம் ஒன்றுக்கு ஒரு ரீம், மொத்தம் பத்து ரீம். 70 ஜிஎஸ்எம் தாளானால் ஒரு ரீம் ஏறத்தாழ 18.7 கிலோ, பத்து ரீம் 187 கிலோ. வேஸ்டேஜ் ஐந்து விழுக்காடு சேர்த்தால் 196 கிலோவை ஒட்டி வரும். கிலோ விலையால் பெருக்கினால் உள்பக்கத் தாளின் செலவு கையில் இருக்கிறது. இதில் கூட்டலும் பெருக்கலும் தவிர வேறொன்றும் இல்லை. அந்தப் பத்து ஃபாரத்தையும் மேசையில் வரிசையாக வைத்து, முதுகில் படிக்கட்டு போல இறங்கும் கறுப்புக் குறியைப் பார்த்து எது விடுபட்டது, எது இருமுறை வந்தது என்று கண்டுபிடிக்கிற பெண், புத்தகத்தின் எலும்புக்கூட்டைத் தினமும் தொடுகிறார். காலேஜில் அச்சுத் தொழில்நுட்பம் படித்து வருகிறவருக்கு மாதிரித் தாளை மடித்துக் காட்டித்தான் இதைப் புரியவைக்கவேண்டும்.

கணக்குக்கு மேலே இருப்பது தேர்வு. அதே புத்தகத்தை 18-க்கு 23 மெஷினில் அடித்தால் ஃபாரத்துக்கு இரண்டு பிளேட், மொத்தம் இருபது. 23-க்கு 36 மெஷினில் 16 பக்கத்தையும் ஒரே பிளேட்டில் போட்டு, தாளைத் திருப்பி மறுபக்கமும் அதையே அடித்து, நடுவில் வெட்டினால் ஃபாரத்துக்கு ஒரு பிளேட், மொத்தம் பத்து; ஆனால் பிளேட் பெரியது, மெஷின் மணிக்கூலியும் கூடுதல். எது லாபம் என்பது பிரதிகளின் எண்ணிக்கையையும், அன்று எந்த மெஷின் காலியாக இருக்கிறது என்பதையும் பொறுத்தது. இதைச் சொல்லத் தெரிந்தவரைத்தான் முதலாளி விலை பேசும் மேசைக்குக் கூப்பிடுவார். பழகும் வழி எளியது. உங்கள் அச்சகத்துக்குள் வரும் ஒவ்வொரு வேலையின் ஜாப் கார்டையும் பார்த்து, அளவு, பக்கம், தாள், பிரதி, பிளேட் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். தாள் எவ்வளவு வேண்டும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பிறகு உண்மையில் கிடங்கிலிருந்து எவ்வளவு தாள் எடுக்கப்பட்டது என்று ஒப்பிடுங்கள். வித்தியாசம் எங்கே வந்தது என்று தேடும்போதுதான் தொழில் பிடிபடுகிறது: கட்டிங்கில் ஓரம் போனதா, மெஷினில் தாள் வீணானதா, பைண்டிங்கில் பிரதி கெட்டதா. ஒரு காலண்டர் பருவம் முழுக்க இதைச் செய்தவரின் கையில் அந்த அச்சகத்தின் உண்மையான வேஸ்டேஜ் விழுக்காடு இருக்கும். பல அச்சகங்களில் முதலாளியிடமே அது திருத்தமாக இருப்பதில்லை.

இரண்டாவது திசை மெஷின். இங்கேதான் மறுப்புகள் கூட்டமாக வரும். முதல் மறுப்பு கனம்: ரீம் தூக்கவேண்டும், பெண்ணால் ஆகாது என்பது. மேலே பார்த்த ரீம் 18.7 கிலோ. மடித்த ஃபாரக் கட்டுகளை மேசைக்கு மேசை சுமப்பவர்கள் யார்? பெண்கள்தான். கட்டுக்கு இத்தனை கிலோ என்று அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. கனம் என்ற வாதம் மெஷின் பக்கம் போகும்போது மட்டும் எழுகிறது. தாள் அடுக்கைத் தள்ளக் கைவண்டி இருக்கிறது. ஃபீடரில் அடுக்கை உயர்த்துவது மெஷினே. மைக் கட்டுப்பாடு புதிய மெஷின்களில் மேசையிலிருக்கும் பொத்தான்களுக்கு வந்துவிட்டது. பழைய ஒற்றைக் கலர் மெஷின்களில் உடல் உழைப்பு கூடுதல்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. அங்கும் இரண்டு பேராகத் தூக்குவது ஆணின் முதுகுக்கும் நல்லது.

நிறம் பார்க்கும் வேலையில் நிலைமை இன்னும் தெளிவு. மெஷினில் கலர் சரியா என்பதை 5000 கெல்வின் விளக்கொளியில் புரூஃபோடு ஒப்பிட்டும், டென்சிட்டோமீட்டர், ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் போன்ற கருவிகளால் அளந்தும் முடிவு செய்கிறார்கள். ஐஎஸ்ஓ 12647-2 என்ற தர அளவு ஆஃப்செட்டுக்கு இதை எண்களில் வகுத்து வைத்திருக்கிறது. சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் பிறவிக்குறை ஐரோப்பிய ஆண்களில் 8 விழுக்காட்டினருக்கு இருக்கிறது. பெண்களில் அரை விழுக்காடுதான். நம் நாட்டு ஆண்களில் அளவு அதைவிடக் குறைவு, ஆனால் ஆண்களிடம் கூடுதல் என்பது இங்கும் உண்மை. இதைக் காட்டிப் பெண்களுக்கே கலர் வேலையைக் கொடுங்கள் என்று நான் வாதாடவில்லை. யாராக இருந்தாலும் ஒரு பார்வைப் பரிசோதனை செய்துவிட்டு நிறுத்துங்கள் என்பதே நியாயம். மருந்துப் பெட்டி, உணவுப் பெட்டி போன்ற பேக்கேஜிங் வேலைகள் பெருகிவரும் இந்நாளில், நிறத்தையும் பார்கோடையும் எழுத்துப் பிழையையும் அளந்து கையெழுத்திடும் தரச்சோதனையாளர் இல்லாமல் பெரிய வாடிக்கையாளர்கள் ஆர்டர் தருவதில்லை. மெஷினைத் தொடாமலே மெஷின் அறைக்குள் அதிகாரத்தோடு நுழைய இது நல்ல வழி.

இரவு ஷிஃப்ட் இரண்டாவது மறுப்பு. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆம் பிரிவு காலை 6 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் பெண்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. அதைக் காட்டியே பல அச்சகங்கள் மெஷின் பயிற்சியிலிருந்து பெண்களை விலக்கி வைத்தன. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, போக்குவரத்து, பாதுகாப்பு போன்ற நிபந்தனைகளோடு இரவு வேலையை அனுமதித்தது. 2020-இன் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் பெண்ணின் சம்மதத்தோடு அதே வழியில் செல்கிறது. ஆகவே 'சட்டம் விடாது' என்ற பதில் இனிச் செல்லாது. ஆனால் சம்மதம் என்பது வேண்டாம் என்று சொல்லும் உரிமையும்தான். காலண்டர் பருவத்தில் இரவு பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வண்டி இல்லையென்றால் பெண் மறுப்பது சோம்பல் ஆகாது. பகல் ஷிஃப்டிலேயே முழு மெஷின் பயிற்சியும் கொடுக்க முடியும். இரவு வரத் தயாரா என்பதைப் பயிற்சிக்கே முன்நிபந்தனையாக வைப்பது நேர்மையில்லை.

ரசாயனம் என்ற மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மெஷினைத் துடைக்கும் கரைப்பான்களும், நீர்க்கரைசலில் சேரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மூச்சில் போகும். கர்ப்பிணிக்கு அது கவலைக்குரியதே. ஆனால் ஜப்பானின் ஒசாகாவில் 2012-இல் வெளிவந்த செய்தியை அச்சுத் தொழிலில் உள்ள எல்லாரும் அறியவேண்டும். ஆஃப்செட் புரூஃப் அடிக்கும் ஓர் அச்சகத்தின் ஊழியர்களுக்குப் பித்தநாளப் புற்றுநோய் அடுத்தடுத்து வந்தது. பலர் நடுவயதைக்கூட எட்டாதவர்கள்; ஆய்வில் முதலில் பதிவானவர்கள் ஆண்கள். காற்றோட்டம் குறைந்த அறையில் உருளைகளைத் துடைக்கப் பயன்படுத்திய 1,2-டைகுளோரோபுரொப்பேன் அதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டு, 2014-இல் அது உறுதியான புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. பெண்ணை மட்டும் வெளியே நிறுத்தினால் அந்த அறைக்குள் ஆண் சாகிறான். காற்றுப்போக்கி, கையுறை, மூடிய துடைப்புத் துணித் தொட்டி, தீங்கு குறைந்த கரைப்பான் ஆகியவைதான் தீர்வு. கர்ப்ப காலத்தில் பிளேட், புரூஃப், எஸ்டிமேட் பக்கம் மாற்றித் தருவதும், பின்பு அதே மெஷினுக்குத் திரும்பும் உரிமையை எழுத்தில் தருவதும் முடியாத காரியங்கள் அல்ல.

கல்யாணமானால் போய்விடுவாள், அவளுக்குப் பயிற்சி தந்து என்ன பயன் என்பது நான்காவது. இதைச் சொல்லும் அச்சகங்களின் மடிப்பு மேசையையே பாருங்கள்: கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளை எடுத்த பின்னும் அங்கே பெண்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். வேலை தேர்ந்த மெஷின்மேன் கூடுதல் சம்பளத்துக்கு அடுத்த அச்சகத்துக்குத் தாவுவது இத்தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். அதனால் ஆண்களுக்குப் பயிற்சி தருவதை யாரும் நிறுத்தவில்லை. பெண்கள் இடையில் நிற்பதற்குப் பிள்ளை வளர்ப்பு உண்மையான காரணம். 30-க்கு மேல் பெண்கள் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டமும், 50 ஊழியர் இருந்தாலே வேண்டும் என்று 2017-இல் திருத்தப்பட்ட பேறுகாலச் சட்டமும் சொல்லின. அதே திருத்தம்தான் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கியது. சிறு அச்சகங்கள் இந்த எண்ணிக்கைக்குள் வராது என்பது பெரிய குறை. ஒரே தெருவில் இருக்கும் பத்து அச்சகங்கள் சேர்ந்து ஒரு காப்பகம் நடத்தினால் அந்தக் குறை தீரும். இதை முதலாளிகள் சங்கத்தில் எழுப்பவேண்டும்.

சீண்டலுக்கு அஞ்சி மெஷின் அறை வேண்டாம் என்று பெண்களே ஒதுங்குவதும் உண்டு. அந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்கவேண்டும் என்பது 2013-இன் சட்டம். அதற்குக் குறைவான அச்சகமானால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். ஒரு பெண்ணை மட்டும் தனியாக மெஷின் அறைக்கு அனுப்பாமல் இருவராக அனுப்புவது, எந்தக் குழுவையும்விட முதல் நாளிலேயே பலன் தரும்.

புதிதாக வருகிறவர்களுக்குப் படிப்பின் வழி உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரியில் அச்சு, பேக்கேஜிங் தொழில்நுட்பப் பட்டப்படிப்பும், சென்னை தரமணி அரசுப் பயிலகத்தில் டிப்ளமோவும் இருக்கின்றன. ஐடிஐ-யில் ஆஃப்செட் மெஷின் மைண்டர் என்ற பிரிவு உண்டு. 1961-இன் பயிற்சியாளர் சட்டத்தின் கீழ் உதவித்தொகையோடு அச்சகத்தில் பழகலாம். பெண்கள் டிடிபி பிரிவையே கேட்பார்கள் என்று எண்ணி அதையே எடுத்துத் தரும் ஆசிரியர்களிடம் மெஷின் மைண்டர் பிரிவைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் அச்சகத்தில் மொத்தமே எட்டுப் பேர், உயர்வதற்கு மேலே நாற்காலியே இல்லை என்பது கடைசி மறுப்பு. இது வலுவானது, சிறு அச்சகங்களே மிகுதியான தொழில் என்பதால். அங்கே உயர்வு இரண்டு வழியில்தான் வரும்: அச்சகம் மாறுவது, அல்லது சொந்தமாகத் தொடங்குவது. மாறுவதற்கு நீங்கள் செய்த வேலை தாளில் இருக்கவேண்டும். நீங்கள் எஸ்டிமேட் போட்ட வேலைகளின் பட்டியல், அவற்றில் கணித்த தாளும் செலவான தாளும், சரிபார்த்துக் கையெழுத்திட்ட முதல் தாள்கள் ஆகியவை உங்கள் சான்றிதழ். ஜாப் கார்டில் மெஷின்மேன் பெயர் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் அடுக்கியவர், சோதித்தவர் பெயருக்கும் கட்டம் போடச் சொல்லுங்கள். பைண்டிங் பிழை குறைவதை முதலாளியே பார்ப்பார். சொந்தத் தொழிலுக்கு மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் பெண்களுக்கு நகரத்தில் 25 விழுக்காடும் ஊரகத்தில் 35 விழுக்காடும் மானியம் இருக்கிறது. சொந்தப் பங்கு 5 விழுக்காடு போதும். மானியம் கிடைக்கிறது என்பதற்காக மெஷினை முதலில் வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். ஒரு வருடமாவது மெஷின் இல்லாமல் ஆர்டர் பிடித்து, அச்சடிப்பதை வெளியே கொடுத்து, எஸ்டிமேட்டும் பைண்டிங்கும் உங்கள் கையில் வைத்து நடத்திப் பாருங்கள். எந்த அளவு வேலை உங்களிடம் திரும்பத் திரும்ப வருகிறது என்று அந்த வருடத்தின் நோட்டே காட்டும். வாங்கவேண்டிய மெஷினின் அளவை அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.